வீட்டுல என்ன வம்பு பண்றா?

போன வாரம், என்னிடம் வேலை பழகிய பிரியா ஃபோன் பண்ணினாள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற கிளினிக்கில், ஓய்வு பெறும்வரை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் சிஸ்டராக உட்கார்ந்திருக்கிறாள். நான் எடமலைப்பட்டி புதூரில் மகன் வீட்டு மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அவை வளர்கின்றனவா என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை போனாலும் புத்தி போகவில்லை.

"மேடம், இப்ப எல்லாம் டேப்லெட்ல வந்துருச்சு. அம்மாங்க வீட்ல இருந்தே டிக் பண்ணி அனுப்பிடறாங்க. கட்டை அடுக்கறானா, ஆமாம். வட்டம் வரையறானா, ஆமாம். கடைசில ஒரு கலர் வரும். பச்சைன்னா அடுத்த வருஷம் வந்தா போதும்."

"நல்லதுதானே?"

"ஒரு பையன் மேடம். மூணரை வயசு. ஏழாம் மாசத்துல பொறந்தவன். எல்லாமே பச்சை. ஒரு எடத்துல கூட மஞ்சள் இல்ல. எனக்கு என்னமோ பயமா இருக்கு. நான்தான் தேவையில்லாம பயப்படறேனா?"

பயப்படுவது சரிதான் என்று மட்டும் சொன்னேன். எல்லாமே பச்சை என்றதும் எனக்கும் அதே பயம்தான். அது ஏன் என்று ஃபோனில் சொல்லி மாளாது. அதனால் எழுதுகிறேன். ஊசி போட்டுப் பழகிய கை இது, எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ் படிப்பு, ஹாஸ்டல் சாம்பார், முதல் போஸ்டிங் என்று ஆரம்பித்து உங்களை அறுக்கப் போவதில்லை. என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி இன்குபேட்டர் வார்டில் போனது. உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளைகள். மூச்சை மறந்துவிடும், உள்ளங்காலைச் சுண்டினால் மறுபடி இழுக்கும். மெஷின் சத்தம் போட்டால் ஓடுவோம், சத்தம் போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று ஓடுவோம். அப்படிப்பட்ட ஒரு பிள்ளை எடை கூடி, துணியில் சுற்றி, அம்மா கையில் வீட்டுக்குப் போகிற அன்று எங்களுக்கு லட்டு வரும். தின்றுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்போம்.

வேலை முடியவில்லை என்பது, என்னை அந்த வார்டிலிருந்து கிளினிக்குக்கு மாற்றிய பிறகுதான் தெரிந்தது. வயிற்றுக்குள் இருட்டில் வளர வேண்டிய கடைசி மாதங்களை இந்தப் பிள்ளைகளின் மூளை எங்கள் ட்யூப்லைட்டுக்குக் கீழே, பீப் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்து முடிக்கிறது. நிறையப் பிள்ளைகள் எந்தக் குறையும் இல்லாமல் வந்துவிடுவார்கள். சில பேருக்கு நடை தாமதமாகும், பேச்சு தாமதமாகும். அதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். தெரியாதது ஒன்று உண்டு. நடப்பார்கள், பேசுவார்கள், சிரிப்பார்கள். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை சொன்னால் இரண்டாவது நிற்காது. சத்தம் ஆகாது. ஓரிடத்தில் மனசு தங்காது. ஸ்கூலில் போட்டதும் மிஸ், "அடங்காத பிள்ளை" என்பார், அல்லது "மந்தம்" என்பார். அதற்கு முன்னால் நாங்கள் கண்டுபிடித்துவிட்டால் எவ்வளவோ செய்ய முடியும்.

கிளினிக்குக்குத் தலைவி தமயந்தி டாக்டர். சன்னமான குரல். குழந்தையைத் தொடுமுன் வளையலையும் வாட்சையும் கழற்றி மேஜை டிராயரில் போடுவார். ஸ்டெதாஸ்கோப்பைக் கைக்குள் பொத்திச் சூடாக்கிய பிறகே நெஞ்சில் வைப்பார். முதல் பத்து நிமிஷம் குழந்தையைப் பார்க்கவே மாட்டார், அம்மாவோடு ஊர்க்கதை பேசுவார். அந்த நேரத்தில் நான் குழந்தையைப் பார்க்க வேண்டும். அவர் பார்ப்பது அம்மாவின் கையை. குழந்தை கீழே விழப்போகும்போது அந்தக் கை எவ்வளவு சீக்கிரம் போகிறது, குழந்தை எட்டி எடுக்கப் பார்ப்பதை அந்தக் கை எடுத்துக் கொடுத்துவிடுகிறதா என்று.

பிறகு தட்டு வரும். சிவப்பு மரக்கட்டைகள், ஒரு மணி, ஒரு கப், உலர்திராட்சை, படப்புத்தகம், தாளும் பென்சிலும். குழந்தையை அம்மா மடியில் உட்கார வைத்து, மேஜையை முழங்கை உயரத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். வயசைக் கணக்கிடுவதில் ஒரு முறை உண்டு. பிறந்த தேதியிலிருந்து எண்ண மாட்டோம், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவோம். இரண்டு வயசு வரை அந்தச் சலுகை. அதன்பின் மற்றப் பிள்ளைகளோடு சரிசமமாக நிறுத்திவிடுவோம். அம்மாக்களுக்குச் சலுகை போகிற அந்த நாள்தான் பெரிய பயம்.

எல்லாம் முடிந்து தட்டை மூடியதும் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "வீட்டுல என்ன வம்பு பண்றா?"

பெரும்பாலான அம்மாக்கள் பதறிப்போய், "ஐயோ, ஒரு வம்பும் பண்ண மாட்டா டாக்டர்" என்பார்கள். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதுவார். நல்ல பதில் சொன்னோம் என்று அவர்கள் நிம்மதியாகப் போவார்கள். வம்பு பண்ணுகிற பிள்ளைக்கு முன்யோசனை வேண்டும், ஞாபகம் வேண்டும், அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டும். அதனால்தான் கேட்கிறார் என்பது எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது.

இன்குபேட்டர் வார்டில் பக்கத்துப் பக்கத்தில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்த அம்மாக்கள் உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். ஒரே நாளில் பார்த்து அப்பாயிண்ட்மெண்ட் வாங்குவார்கள். அவர்களுக்குள் இந்த கிளினிக்குக்குப் பெயர் பரீட்சை. உள்ளே போய் வந்தவர் வராந்தாவில் காத்திருப்பவர்களிடம், "பாலம் மாதிரி கட்டச் சொன்னாங்கடி, ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னாங்க" என்று கேள்வித்தாளையே சொல்லிவிடுவார். காதில் விழும்போது சிரிப்பு வரும், அதட்டிவிட்டுப் போவேன். அந்த வராந்தாவில்தான் வைதேகியும் உட்கார்ந்திருந்தார்.

வைதேகி ஸ்ரீரங்கத்துக்காரர். வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். கணவர் ஸ்ரீநிவாசனுக்குத் துவாக்குடியில் ஆபீஸ் வேலை. ஏழாம் மாதத்தில் பிறந்த ஒரே பெண் கோதை. அவளை இன்குபேட்டரில் பார்த்துக்கொண்டதும் நான்தான். மற்ற அம்மாக்கள் அழுவார்கள், வைதேகி அழ மாட்டார். கண்ணாடிக்கு வெளியே நின்றபடி உதடு மட்டும் அசையும். இரண்டு வயசு வரை கோதை மெதுவாக, ஆனால் ஒழுங்காக வந்துகொண்டிருந்தாள். சலுகை முடிந்ததும் திடீரென்று ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் சரியாகச் செய்ய ஆரம்பித்தாள். அடுத்த வருஷம் எல்கேஜியில் சேர்க்க வேண்டும்.

மூன்றரை வயசில் வந்தபோது பட்டுப்பாவாடை, நெற்றியில் சின்னதாகத் திருச்சூர்ணக் கோடு. நான் தட்டை வைத்தேன். வாயைத் திறக்குமுன் கோதை கட்டைகளை அடுக்கினாள். அதைக் கலைத்துவிட்டு மூன்று கட்டையில் பாலம் கட்டினாள். பென்சிலை எடுத்து வட்டம் போட்டாள். நாற்காலியை விட்டு இறங்கி ஒற்றைக் காலில் நின்றாள். எங்கள் முகத்தை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. வைதேகி மூச்சையே விடவில்லை.

மற்ற நாளாக இருந்தால் கை தட்டியிருப்பேன். அன்றைக்குக் கை வரவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, கப்பை மட்டும் கோதை முன்னால் வைத்தார்.

"கோதை, ஒரு கட்டைய இந்தக் கப்புக்குள்ள போட்டுட்டு, புத்தகத்த எடுத்து சிஸ்டர்கிட்ட குடு."

கோதை கட்டைகளை அடுக்கினாள். பாலம் கட்டினாள். டாக்டர் திரும்பவும் சொன்னார். அவள் வட்டம் போட்டாள். மூன்றாவது தடவை டாக்டர் புத்தகத்தைத் தொட்டுக் காட்டியதும் இறங்கிப் போய் ஒற்றைக் காலில் நின்றாள். நின்றபடியே உதடு பிதுங்கி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அழ ஆரம்பித்தாள்.

"ஆத்துல நன்னாப் பண்ணினா டாக்டர்! காலம்பற கூடப் பண்ணினா! சத்தியமா!" என்றார் வைதேகி. சொன்ன பிறகு, என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

டாக்டர் கோபப்படவில்லை. தட்டை மூடினார். "வீட்டுல என்ன வம்பு பண்றா?"

"ஒண்ணும் பண்ண மாட்டா. சொன்னதெல்லாம் அப்படியே பண்ணுவா."

அவர்கள் போன பிறகு டாக்டர் வளையலை மாட்டிக்கொண்டே, "நூரு, அவங்க வீட்டுக்கு ஒரு நட போயிட்டு வா. வரேன்னு சொல்லாம போ" என்றார். இத்தனை நாள் அந்தப் பெண் என்னவாக இருந்தாள் என்று எங்கள் யாருக்குமே தெரியாது. ஸ்கூலோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டிப் போய் இறங்கினேன். சித்திரை வீதியில் முக்காட்டோடு ஒருத்தி வீட்டு நம்பர் தேடிக்கொண்டு நடந்தால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, "யாரு வீடு? கணக்கு டீச்சரா? அந்தா, வாசல் பூரா செருப்பாக் கெடக்கே, அதான்" என்று கை காட்டினார்.

உள்கூடத்தில் டியூஷன் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வைதேகியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் பாய் விரித்து, "வாங்கோ சிஸ்டர், உக்காருங்கோ" என்றார். மகளைக் கூப்பிட்டு, "கோதை, உள்ள போய் டம்ளர்ல தீர்த்தம் எடுத்துண்டு வந்து சிஸ்டருக்குக் குடு" என்றார்.

கோதை ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு வந்து நின்றாள். எதற்குப் போனோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. வைதேகி இரண்டாம் முறை சொன்னார். இந்தத் தடவை டம்ளரோடு வந்தாள், டம்ளரில் தண்ணீர் இல்லை. அதற்குள் தெருவில் சுவாமி புறப்பாட்டின் மேளச் சத்தம் கேட்டது. டியூஷன் பிள்ளைகள் வாசலுக்கு ஓடினார்கள். டம்ளரைப் போட்டுவிட்டுக் கோதை கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

"எப்பவும் இப்படித்தானா?"

"எல்லாரும் சேவிக்க ஓடுவா. இவ மட்டும் கட்டிலுக்கடியில."

"இத ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

வைதேகி எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். எங்கள் தட்டில் இருப்பது போலவே சிவப்புக் கட்டைகள். அதே அளவுக்கு ஆசாரியிடம் சொல்லிச் செய்யச் சொல்லியிருக்கிறார். மணி, கப், அதே மாதிரி ஒரு படப்புத்தகம். தினமும் காலையில் ஒரு முறை, டியூஷன் முடிந்து ஒரு முறை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் போடுகிறவர், தன் பெண்ணுக்கும் அதையே போட்டிருக்கிறார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முன்கோபக்காரி என்று என் வீட்டுக்காரரே சொல்வார். "நாங்க என்ன போலீஸாம்மா, எங்களுக்கு பயந்துக்க? இவ்வளவு நாளா நாங்க பார்த்ததெல்லாம் உங்களத்தான். அவள இன்னும் பார்க்கவே இல்ல. ஸ்கூல்ல கொண்டு போய் விட்ட பின்னாடி யாரு பார்க்கறது?" என்று கத்திவிட்டேன்.

அப்போதுதான் வைதேகி அழுதார். "குறைன்னு எழுதிட்டா எந்த ஸ்கூல்ல எடுத்துப்பா? அவ பொட்டிக்குள்ள இருந்தப்போ என்னால ஒண்ணுமே பண்ண முடியல சிஸ்டர். மொதல்ல கொஞ்ச நாள் தொடக்கூட விடல. நீங்கள்ளாம் பண்ணினேள், நான் நின்னுண்டிருந்தேன். சொல்லிக் குடுக்கறது ஒண்ணுதான் நேக்குத் தெரியும். அதையாவது பண்றேனேன்னு..."

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். மேளம் தெரு திரும்பிப் போன பிறகும் கோதை வெளியே வரவில்லை.

தமயந்தி டாக்டர் அம்மாவையும் அப்பாவையும் வரச் சொன்னார். பழைய விஷயம் எதையும் கிளறவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள், மறந்தால் அதட்டாமல் மறுபடி சொல்லுங்கள் என்றார். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வாராவாரம் எங்களிடம் அழைத்து வர வேண்டும். கட்டைகளை அவள் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், பாலம் கட்டச் சொல்லாதீர்கள். எல்கேஜி ஒரு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவுதான்.

பயிற்சியை நிறுத்தியதும் கோதை எங்கள் கண்ணுக்கு முன்னால் சரிந்தாள். அடுத்து வந்தபோது கட்டை அடுக்க மாட்டேன் என்று வீசினாள். வட்டம் கோணல். முதல் முறையாகத் தாளில் "பின்தங்கியிருக்கிறாள்" என்று எழுத வேண்டி வந்தது. ஸ்ரீநிவாசன் அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"போன தடவை வரைக்கும் நார்மல்னேள். நன்னா இருந்த குழந்தைய நீங்கதான் கெடுத்துட்டேள்."

"கெடல சார். இப்பதான் அவ பதில அவளே சொல்றா" என்றார் டாக்டர். ஸ்ரீநிவாசன் காதில் அது ஏறவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஃபோன் பண்ணினால் மணி அடித்து நின்றுவிடும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால்கூடப் பரவாயில்லை. மறுபடி அலமாரியைத் திறந்து, எங்களை விட்டுவிட்டு ஸ்கூல் அட்மிஷன் டெஸ்ட்டுக்குத் தயார் பண்ண ஆரம்பித்திருந்தால்? வராந்தாவில் பாவாடைச் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்ப்பேன். வீட்டுக்காரர், "அவங்க பிள்ளைக்கு நீ ஏன் இளைக்கிற?" என்று கேலி பண்ணினார். தொழுகை முடித்துத் துஆ கேட்கும்போது என் பிள்ளைகள் பேரோடு அவள் பேரையும் சேர்த்துக்கொண்டேன். கோதை என்ற பேரைக் கேட்டு அல்லாஹ் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

டாக்டரிடம், "மறுபடி ஒரு நட போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் நூரு. இந்தத் தடவ அவங்களா வரணும்." சொன்னாரே ஒழிய, அன்றைக்கு வாட்சைக் கழற்ற மறந்துவிட்டு ஒரு குழந்தையைத் தூக்கினார். அவர் மறந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம், சொல்லாமல் கொள்ளாமல் வைதேகி வந்து நின்றார். தலை நனைந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு கோபம். கோதை அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டிருந்தாள். ஸ்கூலில் சேர்த்து, அங்கே ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

"நீங்க சொன்னேள்னு அவ போக்குல விட்டேன் டாக்டர். அவர் வேணாம்னார், நான்தான் பிடிவாதமா விட்டேன். இப்போ பாருங்கோ! நேத்து டியூஷன் பசங்க எல்லாரும் வெளில போறா, ஒவ்வொருத்தருக்கும் ஒரு செருப்பக் காணும். எல்லாருக்கும் ஒத்தச் செருப்புதான் இருக்கு! மழை வேற. நொண்டிண்டு தேடறதுகள். நாய் தூக்கிண்டு போயிடுத்துன்னு நெனச்சா, இவ ஜன்னல் வழியாப் பார்த்துச் சிரிக்கறா. எடுத்தியாடின்னா, எதிர்வீட்டு வரது எடுத்தான்னு பொய் வேற!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க ஒளிச்சு வெச்சிருந்தா?"

"ஒரு எடத்துலயா? துளசி மாடத்துக்குப் பின்னால ஒண்ணு, சைக்கிள் கூடையில ஒண்ணு, மாவு டப்பாவுக்கு மேல ஒண்ணு..."

"நீங்க தேடி எடுத்தீங்களா?"

"நாங்க எங்க எடுக்கறது? அவளேதான் போய் ஒவ்வொண்ணா எடுத்துண்டு வந்தா. யாரோடது எதுன்னு பார்த்து அவாவா கையில குடுத்தா. ஒண்ணு கூட மாற..."

வைதேகி அந்த வார்த்தையை முடிக்கவில்லை. வாய் திறந்தபடியே மகளைக் குனிந்து பார்த்தார். முந்தானைக்குள்ளிருந்து கோதை அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவர மறந்த பிள்ளை. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, மறைக்கவில்லை. டாக்டர் அன்றைக்குத் தட்டையே திறக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் தமயந்தி டாக்டர் எங்கிருந்தாலும் என்னைத் திட்டுவார். கோதை இப்போது ஆறாம் வகுப்பு. கணக்கு டீச்சர் பெண்ணுக்குக் கணக்கு இன்னும் தகராறுதான். பரீட்சையில் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். புறப்பாடு வரும்போது வாசலில் நிற்கிறாள், காதைப் பொத்திக்கொண்டு. ஒவ்வொரு வருஷமும் புதுப் புத்தகம் வாங்கும்போது வைதேகி எனக்கு ஃபோன் பண்ணிப் பயப்படுவார், நானும் கூடச் சேர்ந்து பயப்படுவேன்.

இதுவரை எழுதிவிட்டு, முழுக்க முடிக்கப் பொறுமை இல்லாமல் இன்று காலையில் பிரியாவையே கூப்பிட்டேன். அந்தப் பையனின் அம்மாவிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டாயா என்றேன். டேப்லெட்டில் அந்தக் கேள்வி கிடையாது.

"நேத்தே ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன் மேடம். வீட்ல என்ன வம்பு பண்றான்னு."

"என்ன சொன்னாங்க?"

"ஒரு வம்பும் கிடையாது சிஸ்டர், தங்கமான புள்ள, சொன்னத அப்படியே செய்வான்னு சொன்னாங்க."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அட்ரஸ் இருக்கிறதா என்று கேட்க வாயெடுப்பதற்குள், பின்னால் பஸ் ஹார்ன் சத்தம் கேட்டது.

"மன்னார்புரத்துல நிக்கிறேன் மேடம். அவங்க வீட்டுக்குத்தான். வரேன்னு சொல்லல. பஸ் வந்துருச்சு, போயிட்டு வந்து பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

மருமகள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் போனாள். ஃபோனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிரியா கூப்பிடுகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.